மரத்த இடம்

பல்லேகம
1927 ஜனவரி 9

மாத்தளை லாபிர் நானாவுக்கு மஸூதா ஸலாம் சொல்லி எழுதுவது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் மௌத்து என்று நினைத்துவிட வேண்டாம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அவர் ஏலக்காய் வாங்க ஊர் ஊராகப் போய் வருகிறார். மகள் ஸுபைதாவுக்கு எட்டு வயது நடக்கிறது.

சமாதானம் பேச எழுதவில்லை. மருந்து கேட்டு எழுதுகிறேன். கடைக்கு வருகிற யாருக்கும் கொடுப்பீர்கள்தானே, அப்படி நினைத்துக் கொடுங்கள்.

என் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, பின்பக்கமாக ஒரு வெளுத்த படை வந்திருக்கிறது. பலாக்கொட்டை அளவு இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் புது உடுப்புப் போடும்போது அது இல்லை. மழை தொடங்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. அரிப்பு இல்லை. வலியும் இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். குப்பைமேனியை உப்போடு கசக்கித் தேய்த்தேன். வாப்பா கடையில் இருந்தபோது தோட்டத்து ஆட்களுக்குச் சிரங்குக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

இதை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. மதினியிடமும் சொல்லக் கூடாது. இங்கே அவருக்கே தெரியாது.

ஏன் இப்படிப் பயப்படுகிறாள் என்று நினைப்பீர்கள். நம் கடைக்கு அடுத்த கடையில் தைத்துக்கொண்டிருந்த கலந்தர் மாமாவை நீங்கள்தானே சுகாதார இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் காட்டிக்கொடுத்தீர்கள். பொலிஸ்காரரோடு மூடுவண்டி வந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளக்கூட அவரை விடவில்லை. குஷ்டரோகிகளை அடைத்துவைக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள், வருஷம் திரும்புவதற்குள் மௌத்துச் செய்தி வந்தது. ஸுபைதா அவர் மடியில் வளர்ந்த பிள்ளை. அன்றைக்கு நான் உங்கள் வீட்டை விட்டு வந்தது அதற்காகத்தான். இன்றைக்கும் அதை மறக்கவில்லை.

மருந்தைப் பொதிமாட்டுக்கார ஜுனைதீனிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வர வேண்டாம்.

மஸூதா


மாத்தளை
ஜனவரி 17

என் தங்கச்சி மஸூதாவுக்கு, அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கோபத்தோடாவது எழுதினாயே, அது போதும்.

படை என்றால் எல்லாம் ஒரே படை அல்ல. ஓரம் தடித்து வட்டமாகப் பரவி அரித்தால் அது படர்தாமரை. தவிடு மாதிரி உதிர்ந்தால் தேமல். பாலைப் போல வெளுத்து, அதிலுள்ள மயிரும் வெளுத்திருந்தால் வெண்படை, அதற்குக் கார்போகரிசி இருக்கிறது, பயமில்லை. உன்னுடையது எது என்று நீ எழுதியதிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. அரிப்பில்லை என்று எழுதியிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இத்துடன் சீமை அகத்தி இலை ஒரு கட்டு அனுப்புகிறேன். மஞ்சள் பூ மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து நிற்குமே, நம் கிணற்றடியில் இருந்த செடிதான். எலுமிச்சம்புளி விட்டு அரைத்து, காலையில் பூசி, காய்ந்ததும் கழுவு. ஒரு கிழமை, ஏழு நாளும் விடாமல் செய்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். ஒரு கோழி இறகை எடுத்து ஸுபைதாவின் கையில் கொடு. நீ கண்ணை மூடிக்கொள். அவள் அந்தப் படையின்மேல் பத்துத் தடவை இறகால் தொடட்டும். தொடுவது தெரிகிறபோதெல்லாம் நீ சொல்ல வேண்டும். எத்தனை தடவை சரியாகச் சொன்னாய் என்று எனக்கு எழுது. வெயிலில் நடந்து வந்தால் அந்த இடமும் வேர்க்கிறதா என்றும் எழுது.

கலந்தரைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அவர் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது தீய்ந்த வாடை வந்தது. பார்த்தால் அவருடைய விரல் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. அதே கையால்தான் நம் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீயே சொல்.

உன் மதினி றஸ்மியாவிடமும் சொல்லவில்லை.

லாபிர்


பல்லேகம
ஜனவரி 30

நானாவுக்கு,

இலை வந்தது. நீங்கள் சொன்னபடி பூசினேன். இறகு வைத்தும் பார்த்தோம். பத்துத் தடவையும் பிசகாமல் சொன்னேன். மறுநாள் திரும்பவும் செய்தோம், அப்போதும் பத்துக்குப் பத்து. (மேலே ஒரு சொல்லை வெட்டியிருக்கிறேன். விளக்கு வெளிச்சம் போதாமல் பிழையாக எழுதிவிட்டேன்.)

அதனால் இது நீங்கள் நினைக்கிற அந்த வியாதி இல்லை. உறுதியாக இல்லை. அப்படித்தானே, நானா? உணர்ச்சி இருந்தால் அது இல்லைதானே?

ஆனால் வேர்வை கேட்டிருந்தீர்கள். ஆற்றங்கரைக்கு விறகெடுக்கப் போய் வந்தபோது கையெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அந்த இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. மாவு தூவின மாதிரி. துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். காய்ந்துதான் கிடந்தது.

படையும் குறையவில்லை. பூவரசம் இலை அளவுக்கு வந்துவிட்டது.

போன வியாழக்கிழமை அம்மை குத்துகிற ஆள் இங்கே வந்தார். பெரிய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் பிள்ளைகளின் சட்டைக் கையைத் தூக்கச் சொன்னார். நாங்கள் பின்கதவால் இறங்கி ஏலக்காய்க் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டோம். அட்டை கடித்தும் எழும்பவில்லை. வண்டி போகிற சத்தம் கேட்கும்வரை ஸுபைதாவின் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். அவர் அம்மை குத்தத்தான் வந்தாராம். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் வீட்டில் உட்கார முடியவில்லை.

பலமான மருந்து ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.

மஸூதா


மாத்தளை
பெப்ரவரி 10

தங்கச்சிக்கு,

நீ வெட்டிய சொல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "சொன்னாள்" என்று இருந்தது. இறகு பிடித்த ஸுபைதாவைப் பற்றி ஏதோ எழுத வந்திருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

உணர்ச்சி இருக்கிறது, வேர்வை இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வாப்பாவின் ஏட்டை எடுத்துப் பார்த்தேன். ஏட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். வேர்க்காத படையை நம்பக் கூடாது.

உன்னிடம் எதையும் மறைக்கப்போவதில்லை. சிறிய போத்தலில் அனுப்பியிருப்பது நீரடிமுத்து எண்ணெய். ஆற்றோரம் நிற்கிற மரத்தின் வித்து, சிங்களத்தில் மகுலு என்பார்கள். அந்தக் காயை இடித்து ஓடையில் கொட்டினால் மீன் செத்து மிதக்கும். அந்த வியாதிக்கு நம் பக்கத்திலும், இப்போது ஆஸ்பத்திரியிலும், இருக்கிற மருந்து இது ஒன்றுதான். படையின்மேல் காலையிலும் மாலையிலும் பூசு. உள்ளுக்கும் சாப்பிட வேண்டும். சோறு தின்ற பிறகு, சூடான பாலில் ஐந்து சொட்டு. மூன்று நாளுக்கு ஒரு தரம் ஒரு சொட்டு கூட்டு. குமட்டும். தாங்கிக்கொள். வாந்தி வந்தால் உடனே நிறுத்திவிடு.

போத்தலை உயரத்தில் வை. ஸுபைதாவின் கைக்கு எட்டக் கூடாது. வளர்ந்த உடம்பே இதைத் தாங்கச் சிரமப்படும்.

இன்னும் ஒரு மாதம் பார்ப்போம். குறையவில்லையென்றால் நீ இங்கே வரத்தான் வேண்டும். இங்கே டாக்டர் ஒருவர் இருக்கிறார். நான் கூடவே இருப்பேன். கலந்தருக்குச் செய்தது போல உனக்குச் செய்வேன் என்று நினைக்கிறாயா?

லாபிர்


பல்லேகம
பெப்ரவரி 22

நானா,

ஜுனைதீனை மாட்டை விட்டுவிட்டுத் தனியாக ஓடச் சொல்லியிருக்கிறேன். இதை வாசித்த நிமிஷமே புறப்படுங்கள்.

அது என் கை இல்லை. ஸுபைதாவின் கை. முதலிலிருந்தே அவளுடைய கைதான். உங்களிடம் பிள்ளையின் பெயரைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் பெயரை எழுதினால், வண்டி வந்தாலும் என்னைத்தான் ஏற்றிக்கொண்டு போகும் என்று நினைத்தேன்.

நீங்கள் எனக்கென்று எழுதிய அளவில் பாதியைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். பாதி என்றால் பிள்ளைக்குச் சரியாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நான்கு நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். படை அப்படியே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, கூட்டிவிட்டேன். நேற்று மத்தியானத்திலிருந்து வாந்தி. வெறும் பச்சைத் தண்ணீராக வருகிறது. கையும் காலும் சில்லிட்டுக் கிடக்கின்றன. நிற்கவைத்தால் துணி மாதிரி மடங்கி விழுகிறாள். அவர் ஏலக்காய் வாங்கப் போய் மூன்று நாளாகிறது. வீட்டில் நான் மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று காலை வாந்தி எடுத்து முடித்துவிட்டு என் சீலையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, இனி மருந்து வேணாம். நான் உண்மையச் சொல்றேன்" என்றாள்.

"என்ன உண்மை மகள்?" என்று கேட்டேன்.

"எறகு பட்டது எனக்குத் தெரியவே இல்ல. உங்க வளையல் சத்தம் கேட்டுச்சு. கேக்குற நேரமெல்லாம் சொன்னேன்."

"ஏன் மகள் அப்படிச் சொன்னே?"

"மொத தரம் தெரியலன்னு சொல்ல வாயெடுத்தேன். கண்ணத் தெறந்து உங்க மொகத்தைப் பாத்தேன். பயமா இருந்திச்சு."

பொய் சொன்னதற்குத் தண்டனையாகத்தான் நான் அந்தக் கசப்பைக் கொடுக்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், நானா. உண்மையைச் சொல்லிவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்ன எனக்கு வளையலைக் கழற்றத் தோன்றவில்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானேதான் நினைத்திருப்பேன்.

வாருங்கள். உங்களைத் திட்டியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். வாருங்கள்.


மாத்தளை
மார்ச் 14, நோன்பு பத்து

தங்கச்சி மஸூதாவுக்கு,

பத்து நாள் அங்கே உன்னோடு உட்கார்ந்து பார்த்தது வீண் போகவில்லை, பிள்ளை சுகமாக வந்து சேர்ந்தாள். வழியில் வாந்தி இல்லை. கஞ்சி குடிக்கிறாள்.

நாங்கள் புறப்பட்டபோது நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாய். ஏலக்காய்ப் பயணத்திலிருந்து திரும்பியிருந்த ஹுசைன் மச்சான் மட்டும் ஆற்றுவரை வந்தார். பிள்ளையை மாட்டின்மேல் தூக்கி வைத்துவிட்டு, அவள் காலைப் பிடித்தபடி நின்றார். அவரிடம் நீ முன்பே சொல்லியிருக்கலாம். நானும் உன்னை மிரட்டிவைத்த ஆள்தான், ஆகவே அதை நான் சொல்வதில் நியாயமில்லை.

ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் பனிமூட்டம் இறங்கி மாட்டின் கொம்புகூடத் தெரியாமல் போனது. பிள்ளை மாட்டின் திமிலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு, "மாமா, என்னையும் மூடுவண்டியில ஏத்துவாங்களா?" என்று கேட்டாள். "யார் சொன்னது?" என்றேன். "உம்மா காட்டுக்குள்ள உக்காந்து துஆ ஓதினாங்களே, அதுல கேட்டேன்" என்றாள். போர்வையை அவள் தலைக்குமேல் இழுத்துவிட்டேன். இல்லை என்று சொல்ல எனக்கு அப்போது தெரியாது. இப்போதும் தெரியாது.

டாக்டர் நல்ல மனிதர். அதிகம் பேசுவதில்லை. பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டி, பஞ்சைத் திரித்துத் தொட்டார். படைக்கு வெளியே எல்லாம் தெரிந்தது. உள்ளே பத்துக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார். இரண்டு காதையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு அதன் பெயரைச் சொன்னார். ஒரே ஒரு படைதான், இது மற்றவர்களுக்குத் தொற்றுகிற வகையாகத் தோன்றவில்லை என்றும் சொன்னார். கிழமைக்கு ஒரு ஊசி. உள்ளே ஏற்றுவது அதே நீரடிமுத்து எண்ணெய்தான். காய்ச்சி வடித்து, அளந்து, சதைக்குள் போடுகிறார்கள். நான் மாட்டு முதுகில் அனுப்பிவைத்த விஷத்தை அவர் கண்ணாடிக் குழாயில் வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது.

இதை எழுதத்தான் தாளை எடுத்தேன், இன்னும் எழுதவில்லை. டாக்டர் இதைப் பதிய வேண்டுமாம். மறைத்தால் அவருக்கும் குற்றம். பாதுகாவலர் பெயர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். தாள் போனது கலந்தரைப் பற்றி நான் எழுதிப் போட்ட அதே சுகாதாரக் கந்தோருக்கு. இன்ஸ்பெக்டர் வந்து வீட்டைப் பார்ப்பார். தனி அறை, தனிப் பாய், கிழமை தவறாத ஊசி, இவையெல்லாம் இருந்தால் இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று அவர்தான் தீர்மானிப்பார்.

றஸ்மியா எங்கள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உக்குவளைக்கு, தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள்மேல் கோபப்படாதே. பயம் எப்படி என்று உனக்குத் தெரியும்.

லாபிர்


பல்லேகம
ஏப்ரல் 8

நானாவுக்கு,

பெருநாள் போய்விட்டது. அவளுக்கென்று தைத்த சட்டையை மடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் பிடித்தது. வாசித்ததும் அடுப்பில் போடப் போனேன். அவர்தான் பிடுங்கிக்கொண்டார். மறுபடியும் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். காலையில் உங்களைப் போல நல்லவர் இல்லை என்று தோன்றுகிறது. பொழுது சாய்ந்தால் பிள்ளையை உங்கள் கையில் கொடுத்தது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுகிறது.

இங்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள வந்தவர்கள் வருவதில்லை. அவர் கொண்டுபோகிற ஏலக்காயைத் திரட்சியாக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாங்காமல் போகிறார்கள். அவர் மூட்டையைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு வருகிறார். ஒரு நாள், "என்கிட்ட மறைச்சியே மஸூதா, நான் என்ன செஞ்சிருப்பேன்னு நெனச்சே?" என்று கேட்டார்.

நானா, ஒன்று கேட்கிறேன். இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளையைக் கொண்டுபோகத் தீர்மானித்தால் எனக்கு உடனே தந்தி அடியுங்கள். நான் வந்து, எனக்கும் இருக்கிறது என்று சொல்கிறேன். சூடான கரண்டியால் என் தோளில் ஒரு படை உண்டாக்கிக்கொள்ள எனக்குத் தெரியும். ஊசி குத்தினால் அசையாமல் இருப்பேன். எட்டு வயதுப் பிள்ளையால் முடிந்தது என்னால் முடியாதா? முதலில் உங்களுக்கு எழுதிய பொய்யை நான் உண்மையாக்கிவிடுகிறேன். இரண்டு பேரையும் ஒன்றாக ஏற்றுவார்கள்தானே?

அவளுக்குத் தலை பின்னி விடுவது யார்? இடதுபக்கம் வகிடு எடுத்தால்தான் அவளுக்குப் பிடிக்கும். ஊசிக்கு அழுகிறாளா? என்னைக் கேட்கிறாளா? கேட்கவில்லை என்றால் அதை எழுத வேண்டாம்.

மஸூதா


மாத்தளை
மே 19

தங்கச்சி மஸூதாவுக்கு,

முதலில் இதை வாசி. இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளை இங்கேதான் இருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டிச் சத்தம் கேட்டது. மூடுவண்டி அல்ல, அவருடைய சொந்த வண்டி. பிள்ளைக்கு வித்தியாசம் தெரியவில்லை. மருந்துச் சாக்குகளுக்கு நடுவில் புகுந்துகொண்டாள். அவர் வீட்டையெல்லாம் சுற்றிப் பார்த்தார். கிணறு, பாய், தட்டு எல்லாவற்றையும் பார்த்தார். பின்கட்டு அறையின் ஜன்னலைத் திறந்து திறந்து மூடினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ரெண்டு வருஷத்துக்கு முன்னே தையல்காரனைப் பற்றி எழுதினது நீங்கதானே?" என்று கேட்டார்.

"நான்தான்."

"இப்ப உங்க வீட்டுலயே."

"என் தங்கச்சி பிள்ளை. இதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பின்வாசலில் ஜுனைதீனை மாட்டோடு நிற்கச் சொல்லியிருந்தேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சட்டம் பேசிய உன் நானா, காட்டுக்குள் ஓடத் தயாராக நின்றான்.

"ஆறு மாசம் பார்க்கலாம். ரெண்டாவது படை ஒண்ணு வந்தாலும், ஒரு ஊசி தவறினாலும் பிள்ளை போகணும்" என்றார். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கடையில் இப்போது வேலை குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் ரத்தோட்டைத் தோட்டங்களிலிருந்து சிரங்குக்கும் சேற்றுப்புண்ணுக்கும் மருந்து வாங்க நிறையப் பேர் வருவார்கள், உனக்குத் தெரியும். இப்போது அழகாயி என்ற ஒரு பெண் மட்டும்தான் வருகிறாள். அவளும் உள்ளே வருவதில்லை. தெருவில் நின்று முந்தானையை விரித்து, "இங்கனயே போடுங்க மொதலாளி. மருந்து வேணும், ஆனா எனக்குப் பயமா இருக்குங்க" என்கிறாள். அவள் ஒளிக்காமல் சொல்வதால் எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

கலந்தரைப் பற்றி உனக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்காக எழுதினேன் என்று ஜனவரியில் சொன்னேன். அது பாதிதான். அடுத்த கடையில் குஷ்டரோகி இருக்கிறான் என்று தெரிந்தால் என் கடைக்கு யார் வருவார்கள் என்றும் நினைத்தேன். அவரிடம் போய், "வாங்க, ரெண்டு பேருமாப் போய் டாக்டரைப் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. அவரைப் பார்க்க ஒரு தடவைகூட நான் போகவில்லை. ஊசி இருந்தது, மஸூதா. அப்போதும் இருந்தது.

உன் கேள்விகளுக்குப் பதில்: தலையை முதலில் நான்தான் பின்னினேன், கோணலாக வந்தது. ஊசிக்கு அழுவதில்லை. அதுதான் எனக்குக் கவலை. என்ன கேட்டாலும் "வலிக்கல மாமா, தெரியுது மாமா, சுகமா இருக்கு மாமா" என்று நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறாள். பஞ்சால் தொடும்போதும் தெரிகிறது என்கிறாள், தொடாதபோதும் தெரிகிறது என்கிறாள். டாக்டர் அவளிடம் கேட்பதையே விட்டுவிட்டார்.

உன்னைக் கேட்கிறாள். தினமும்.

தோளில் கரண்டியை வைக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

லாபிர்


பல்லேகம
ஜூலை 3

நானாவுக்கு,

கரண்டியை வைக்கவில்லை. ஒரு நாள் அடுப்பில் காய வைத்தது உண்மை. அவர் வந்துவிட்டார்.

கலந்தர் மாமாவைப் பற்றி நீங்கள் எழுதியதை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலம் எனக்கு ஒரு வகையில் சுலபமாக இருந்தது. இப்போது உங்கள்மேல் கோபப்படப் பார்க்கிறேன், முடியவில்லை. நானும் பயத்தில்தானே என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன்.

இரண்டாவது படை வந்திருக்கிறதா? ஒவ்வொரு கிழமையும் அவள் முதுகையும் காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். நீங்கள் ஆண்பிள்ளை, உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது. மதினி இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

இங்கே ஒவ்வொரு தடவை நாய் குரைக்கும்போதும் தந்தி என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

மஸூதா


மாத்தளை
அக்டோபர் 23

என் தங்கச்சி மஸூதாவுக்கு,

தந்தி அடிக்கவில்லை. தந்தி என்றால் நீ பிரிக்குமுன்பே விழுந்துவிடுவாய்.

றஸ்மியா ஓகஸ்ட் மாதம் திரும்பி வந்தாள் என்று ஜுனைதீனிடம் சொல்லியனுப்பியிருந்தேன். பிள்ளைகளை உக்குவளையில் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். முதல் கிழமை ஸுபைதாவுக்கு வாசற்படியில் சோற்றை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். பிறகு கோணல் பின்னலைப் பார்க்கப் பொறுக்காமல் சீப்பை எடுத்தாள். இப்போது கிழமைதோறும் முதுகையும் காலையும் பார்ப்பது அவள்தான். ஒவ்வொரு தரமும் பார்த்து முடித்த பிறகு கிணற்றடியில் வெகுநேரம் கை கழுவுகிறாள். பயம் போகவில்லை. ஆனாலும் செய்கிறாள். இரண்டாவது படை இதுவரை வரவில்லை.

இனி நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் நான் கொல்லையில் ஆடாதோடை இலையைக் காய வைத்துக்கொண்டிருந்தேன். ஸுபைதா கொய்யா மரத்தில் ஏறியிருந்தாள். ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம், கேட்பதில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. திடீரென்று "ஆ" என்று ஒரு சத்தம். விழுந்துவிட்டாள் என்று நினைத்து ஓடினேன். கிளையிலேயே உட்கார்ந்துகொண்டு, வலது கையை இடது தோளுக்குப் பின்னால் விட்டுப் பரபரவென்று தட்டிக்கொண்டிருந்தாள். செவ்வெறும்பு. கீழே இறக்கிச் சட்டையை விலக்கினேன். எறும்பு இன்னும் கடித்துக்கொண்டு தொங்கியது. கடித்திருந்த இடம் படையின் ஓரம் அல்ல. ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே.

நான் அந்த எறும்பை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எடுங்க மாமா, வலிக்குது" என்று கத்தினாள். நான் தொட்டுப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, என் முகத்தை அவள் பார்க்கவும் இல்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

றஸ்மியா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "என்னங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று எறும்பைக் கிள்ளி எறிந்தாள். பிறகு அவளும் அந்த இடத்தைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் சிரித்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று றஸ்மியாவைக் கேட்டால் வேறு சொல்வாள்.

மத்தியானமே டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கடித்த இடம் சிவந்து தடித்திருந்தது. சுற்றிலும் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். நடுவில் இன்னும் மரப்புத்தான். உணர்ச்சி ஓரத்திலிருந்து உள்ளே வருகிறது என்றார். "சந்தோஷப்படாதீங்க, இன்னும் ஒன்றரை வருஷம் ஊசி இருக்கு" என்றார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது, நான் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் அடுத்த மாதம் வருவார். அதற்கு டாக்டர் ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார் என்று இன்னும் தெரியாது. பயம் இருக்கத்தான் இருக்கிறது. உன்னிடம் இல்லையென்று எழுத மாட்டேன்.

நீயும் ஹுசைன் மச்சானும் புறப்பட்டு வாருங்கள். மழைக்கு முன்னால் வந்தால் ஏற்றத்தில் வழி நன்றாக இருக்கும்.

ஸுபைதா நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எறும்பு கடித்து அவள் அழுதுகொண்டிருந்தபோது மாமா சிரித்தார் என்று உம்மாவுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுதிவிட்டேன்.

லாபிர்